தெற்கு ரிங்குக்குக் கீழே கிடந்த முட்டி

1999ஆம் ஆண்டு மே மாதம் பதினேழாம் தேதி மாலை ஆறேகால் மணிக்கு, ஏறத்தாழ நாலாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கையில், வெள்ளக்கரடு மில் அணியின் மு. பவளக்கொடி தன் இடது கணுக்கால் சுளுக்கைத் தரையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனாள். அவளுக்கு அப்போது பதினேழு வயது. பந்தைப் பிடித்து இறங்கும்போது எதிராளியின் ஷூ மேல் கால் பட்டுப் புரண்டு விழுந்தாள். கால் மாங்காய் அளவுக்கு வீங்கியதை முன்வரிசைக்காரர்கள் பார்த்தார்கள். ஐஸ் கட்டி கொண்டுவர ஆள் ஓடிற்று. ஐஸ் வருவதற்குள் அவள் கையை ஊன்றி எழுந்து, இரண்டடி நொண்டி, மூன்றாவது அடியில் நொண்டுவதை நிறுத்தி, வீக்கமே இல்லாத காலோடு ஆட்டத்துக்குப் போய்விட்டாள். ஊர் கைதட்டியது. கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில், வடக்கு மூலையில் சிமெண்டு பொரிந்திருந்த இடத்தில், கால் வைத்த கரூர் பெண் ஒருத்தி அம்மாவென்று காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலடி தள்ளி நகர்த்தியதும் அவளுக்கு வலி போய்விட்டது. திரும்ப வைத்தால் திரும்ப வந்தது. நடுவர் தானே போய் நின்று பார்த்தார். விசிலை வாயிலிருந்து எடுத்து, சுளுக்குதான் என்று சொல்லிவிட்டு, ஆட்டத்தைத் தொடரச் சொன்னார்.

வெள்ளக்கரட்டில் மில் என்றால் ஒரே மில்தான், கழகம் என்றால் மில் வளாகத்தை ஒட்டிய கூடைப்பந்துக் கழகம்தான், மே மாதம் என்றால் சுழற்கோப்பைக்கான மின்னொளிப் போட்டிதான். எட்டு ஊர் அணிகள் கல்யாண மண்டபத்தில் தங்கி, சாம்பார் சாதம் சாப்பிட்டு, அந்தச் சிமெண்டு கோர்ட்டில் ஆடிவிட்டுப் போகும். மில் அணியில் ஆடும் பெண்களுக்கு மில்லிலேயே வேலை கொடுத்திருந்தார்கள், ஆனால் டெம்பரரி. டெம்பரரி என்றால் ஆடுகிற வரைக்கும். காலோ கையோ போனால் அதோடு வேலையும் போகும். பெர்மனன்ட் ஆகிவிட்டவர்களுக்கு, ஆடினாலும் ஆடாவிட்டாலும், ஓய்வு பெறும் வயது வரை ஒரு மேஜையும் ஒரு நாற்காலியும் மேலே ஒரு மின்விசிறியும் உண்டு. பவளக்கொடியின் அம்மா அதே மில்லில் நூற்புப் பிரிவில் இருபத்தாறு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்து, நின்றுகொண்டே, டெம்பரரியாகவே வீட்டுக்குப் போனவள். பவளக்கொடிக்கு வேண்டியிருந்தது அந்த நாற்காலி.

அவள் விழாத வருடம் இல்லை. கூடைப்பந்து ஆடுகிறவர்கள் எல்லோரும் விழுவார்கள், அவளும் விழுந்தாள். மற்றவர்கள் காயத்தைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் படுத்தார்கள், அவள் காயத்தைத் தரையில் விட்டுவிட்டு ஆட்டத்துக்குப் போனாள். 2002இல் ஃப்ரீ த்ரோ கோட்டருகே வலது தோள் கழன்றது. தோள் அங்கேயே தங்கியது. 2004இல் ரீபவுண்டுக்கு எகிறி மல்லாக்க விழுந்தபோது முதுகு, ஸ்கோர் மேஜைப் பக்கத்து ஓரக்கோட்டில் தங்கியது. விழுந்த கணத்திலிருந்து எழுகிற கணம் வரை அவளுக்கு முழுதாக வலித்தது, மற்றவர்களுக்கு ஆறு மாதத்தில் பரவி வலிப்பது அவளுக்கு அந்த ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் மொத்தமாக வலித்தது. ஆனால் எழுந்து நடந்துவிடுகிறவளிடம் வலித்ததா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. உனக்கென்ன தாயி, தட்டிவிட்டுட்டு எந்திரிச்சுப் போயிருவ என்றார்கள், காய்கறிக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் அவள் அம்மாவின் எதிரிலும்.

ஊர் அந்த இடங்களோடு பழகியது. காலை நடைக்கு வருகிறவர்கள் தோளின் மேல் ஒரு கணம் நின்று, முகத்தைச் சுளித்து, நேற்றைக்கு இன்றைக்குக் குறைந்திருக்கிறதா என்று பேசிக்கொண்டு போனார்கள். குறையவே இல்லை. மனைவிமார் சிலர், வேலைக்குப் போக முடியவில்லை முதுகு வலிக்கிறது என்று படுத்துக்கிடந்த புருஷன்மாரை அழைத்துவந்து ஓரக்கோட்டில் நிறுத்தி, இதுக்குப் பேருதான் முதுகுவலி என்று காட்டிக் கூட்டிப்போனார்கள். கணுக்கால் மேல் யாரோ குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் உருட்டியிருந்ததைக் கழகத்தார் கழுவிவிட்டார்கள். போலீஸ்காரர் ஒருவர் சங்கிலி அறுத்தவனைக் கொண்டுவந்து தோளின் மேல் நிறுத்தி விசாரித்தபோது கழகம் கண்டிப்பாக ஆட்சேபித்தது. செருப்புக் காலோடு கோர்ட்டில் ஏறக்கூடாது என்று. பக்கத்து ஊரிலிருந்து ஒரு எலும்புமுறிவு வைத்தியர் வந்து, முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துத் துணியில் தடவி, மூங்கில் பத்தை வைத்துத் தரைக்குக் கட்டுப் போட்டார். கட்டு ஒரு மண்டலம் இருந்தது. கோழிகள் வந்து கொத்தின. அவிழ்த்தபோது தோள் அப்படியே இருந்தது. ஆறுவதற்கு அதற்கு ஓர் உடம்பு இல்லை.

இதில் லாபம் இருப்பதை முதலில் கண்டவர் கோச் ஆசீர்வாதம். அவர் தன் பெண்களை விடியற்காலையில் கோர்ட்டில் ஓடவிட்டு, காயங்கள் கிடக்கிற இடம் வந்ததும் ஒரு சின்ன எட்டு எட்டித் தாண்டப் பழக்கினார். பந்தைத் தட்டிக்கொண்டே தாண்ட, பின்பக்கமாக ஓடித் தாண்ட, கண்ணைக் கட்டிக்கொண்டு தாண்ட. வெளியூர்க்காரர்களுக்கு இடம் தெரியாது. தெரிந்தாலும், பந்து கையில் இருக்கும்போது கால் நினைவு வைத்துக்கொள்ளாது. கோப்பை மூன்று வருடம் தொடர்ந்து மில்லுக்கு வந்தது, நிரந்தரமாக மில்லிலேயே தங்கியது, புதுக் கோப்பை செய்தார்கள், அதுவும் வந்தது.

ஆனால் அதே பெண்கள் வெளியூர் போனால் அங்கேயும் தாண்டினார்கள். திண்டுக்கல்லிலும் சிவகாசியிலும் வடக்கு மூலை வந்ததும் அந்தக் காலி இடத்தில் காரணமில்லாமல் ஓர் எட்டு எட்டித் தாண்டி, பந்தை நழுவவிட்டு, கூட்டம் தாளம் போட்டுச் சிரிக்க, முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினார்கள். ஆசீர்வாதம் அதைத் திருத்தப் பார்க்கவில்லை. வெளியூர்க் கோப்பையை வெள்ளக்கரட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்றார்.

பவளக்கொடிக்கு வெளியூர்க் கதவு வேறு வகையில் மூடியது. கோவையில் ஒரு கல்லூரியின் மரத்தரையில் ஆடியபோது அவளுடைய நடுவிரல் பிசகி அங்கே தங்கிவிட்டது. கல்லூரிக்காரர்கள் அந்தப் பலகையை மட்டும் அறுத்தெடுத்து, சாக்கில் சுற்றி, லாரி பார்சலில் மில்லுக்கு அனுப்பிவைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த அழைப்புகளில் எல்லாம், பவளக்கொடி நீங்கலாக, என்று ஒரு வரி இருந்தது. சென்னையில் அரசுத் துறை ஒன்று ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுத்தபோது அவளைக் கோர்ட்டில் இறங்கவே விடவில்லை. நல்ல உள்ளரங்கம், போன வருடம்தான் தரை போட்டது என்று மரியாதையாகச் சொல்லி, டீ கொடுத்து அனுப்பினார்கள். கழகத்தின் செயலாளரும் மில்லின் மேலாளருமான கோவர்த்தனன் அந்தப் பலகையைத் தன் அறையில் பார்வையாளர் நாற்காலியில் ஆணியடித்து வைத்தார். அதில் உட்கார்ந்தவர்கள் சம்பள உயர்வு பற்றியெல்லாம் நீட்டிப் பேசாமல் சீக்கிரம் எழுந்து போனார்கள்.

2006 மே மாத இறுதியாட்டத்தில்தான் முட்டி போனது. தெற்கு ரிங்குக்குக் கீழே, பந்தை வளையத்தில் போட்டுவிட்டு இறங்கியவளின் வலது முட்டிக்குள், காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம் கேட்டது. அது முதல் வரிசை வரை கேட்டது. அன்றைக்கு அவள் எழ நேரமாயிற்று. கூட்டம் பொறுமையிழந்து, எந்திரி பவளம், எந்திரி பவளம் என்று ஒரே குரலில் சொல்ல ஆரம்பித்தது. அவள் எழுந்தாள். முட்டி அங்கேயே கிடந்தது. இதுவரை கிடந்தவற்றில் அதுதான் பெரியது. அதன் மேல் நின்றவர்கள் வலிக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் கீழே கிடந்தார்கள். கழகத்தின் பொதுக்குழு கூடி, கடவுள் கொடுத்தது என்ற பொருளில் ஒரு நன்றித் தீர்மானம் போட்டது.

அதன் பிறகு ஆசீர்வாதத்தின் வேலை சுலபமாயிற்று. இடைவேளைக்குப் பின் எதிரணி தெற்கு ரிங்கைத் தாக்கும்படி ஆட்டத்துக்கு முன்பே பக்கம் கேட்டு வாங்குவார். பின்பாதியில் கால் ஓய்ந்த நேரத்தில், அவர்களில் நன்றாக ஆடுகிறவளுக்குத் தெற்கே வழிவிடச் சொல்வார். வழிவிட வேண்டியது பவளக்கொடியின் வேலை. அவள் மறிப்பதுபோல் மறித்து, ஓரடி விலகுவாள். வந்தவள் குதிப்பாள், இறங்குவாள், விழுவாள். எழுந்து போனதும் சரியாகிவிடும் என்பதால் ஊரில் யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை.

2011இல் தூத்துக்குடி அணியோடு இறுதியாட்டம். அதில் ஜெசிந்தா என்ற இருபத்தொரு வயதுப் பெண், கண்ணுக்குத் தெரியாத வேகம். பின்பாதியில் ஆசீர்வாதம் தெற்கே கையைக் காட்டினார். பவளக்கொடி ஓரடி விலகினாள். ஜெசிந்தா காற்றில் போய், பந்தைப் போட்டு, வலது காலை முட்டியின் மேல் இறக்கினாள். கால் மறுத்தது, மறுத்த கால் மடங்கிய திசையில் அவளுடைய சொந்த முட்டி திரும்பி ஒடிந்தது. அவளை நாலடி தள்ளி நகர்த்தினார்கள். வலி போகவில்லை. இன்னும் நாலடி நகர்த்தினார்கள். மண்டபத்துப் பெஞ்சுப் பலகையில் படுக்கவைத்துத் தூக்கிப்போனபோது வலி கூடவே போனது. கோப்பையை வாங்கிக்கொண்டு கோவர்த்தனன் மைக்கில், அடுத்த வருடமும் கோப்பை வந்தால் பவளக்கொடி பெர்மனன்ட் என்று அறிவித்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. இருபத்தொன்பது வயதில், உடம்பில் ஒரு தழும்பு இல்லாமல், அவள் அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

ஆகஸ்டில் அவள் பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போனாள். ஜெசிந்தா வாசலையொட்டிய அறையில் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஸ்டூலில் நீட்டியிருந்தாள். ஆபரேஷன் ஆகியிருந்தது. அவள் அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"உங்களுக்கு வலிக்கவே வலிக்காதாமேக்கா?" என்றாள் ஜெசிந்தா.

"விழுறப்ப வலிக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் அங்கனயே கிடக்கும்."

"எனக்குக் கூடவே வந்துட்டுக்கா. பஸ்ல ஏறி வீட்டுக்கே வந்துட்டு." சொல்லிவிட்டு ஜெசிந்தா கொஞ்சம் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "வழிய விட்டது நீங்கதான?"

"ஆமா."

"தெரிஞ்சேவா?"

பவளக்கொடி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சுதான்" என்றாள்.

"அப்ப டீயக் குடிச்சிட்டுக் கிளம்புங்கக்கா."

மறுநாள் காலை அவள் கோர்ட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றி, பன்னிரண்டு வருடமாகத் தான் ஒருமுறைகூட மிதிக்காத வடக்கு மூலையில் நின்றாள். மற்றவர்கள் நின்றால் வலிக்கும், நகர்ந்தால் போய்விடும். அவளுக்கு அது ஏறிக்கொண்டது. கணுக்கால் மாங்காயளவு வீங்கிற்று. நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பயிற்சிக்கு வந்த சின்னப் பெண் ஒருத்தி தாண்ட மறந்து மூலையில் கால் வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை.

ஆறு வாரத்தில் கணுக்கால் ஆறியது. அது ஆறியதும் அவள் போய் முதுகை எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் விழுந்து, படுத்து, ஆறி, எழுந்து, திரும்ப விழுகிற வாழ்க்கையை, அவள் பழைய பாக்கியாக, வரிசைமாற்றி வாழ்ந்தாள். மில்லில் பஞ்சு மூட்டைக் கணக்கு எழுதுகிற தன் வேலைக்கு முதுகில் பெல்ட்டோடு போனாள். தோளை எடுத்துக்கொண்ட மாதங்களில் அவள் அம்மாதான் தலை வாரிவிட்டாள். வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்த காயங்கள் என்பதால் அவை சீக்கிரம் ஆறவும் இல்லை. ஊருக்கு இது பிடிக்கவில்லை. முதலில் பாவம் என்றார்கள், பிறகு திமிர் என்றார்கள். அவள் எடுத்த இடங்களில் நின்று பார்த்துவிட்டு, வெறும் சிமெண்டு என்று காறித் துப்பினவர்களும் உண்டு. 2012 கோப்பை முட்டி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டே புள்ளியில் வந்தது. தோள் ஆறாத பவளக்கொடியை அந்த ஆட்டத்தில் உட்கார வைத்திருந்தார்கள். ஆடாதவளுக்குப் பெர்மனன்ட் எப்படி என்று அறிவிப்பு ஒரு வருடம் தள்ளிப்போயிற்று.

2013 ஏப்ரலில் கோவர்த்தனன் அவளை அறைக்குக் கூப்பிட்டார். அவள் போய்ப் பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் எதையும் ஒளிக்கவில்லை, பெர்மனன்ட் உத்தரவு தயாராக இருக்கிறது, கையெழுத்துதான் பாக்கி என்றார்.

"மத்ததெல்லாம் எடுத்துக்கிட்ட, நான் ஒண்ணும் சொல்லலம்மா. முட்டி மட்டும் இருக்கட்டும்."

"அதுவும் என்னுதுதான் சார்."

"நீ விழுந்தது யாரு இடத்துல? யாரு ஜெர்சில?"

"வலிச்சது யாருக்கு சார்?"

கோவர்த்தனன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "வலிச்சிருந்தா நீ எந்திரிச்சிருப்பியா?" என்றார்.

அவள் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். வணக்கம் சொன்ன கையில் நடுவிரல் வீங்கியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. அதன் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் நெடுநேரம் பேசினார்கள்.

பொதுக்குழு கூடியது. கழகத்தின் நிலத்தில், கழகத்தின் ஆட்டத்தில், கழகத்தின் சீருடையில் இருக்கும்போது விழுந்த முட்டி கழகத்தின் அசையாச் சொத்து என்று தீர்மானம் ஆயிற்று. கோர்ட்டுக்குக் கம்பி வேலியும் பூட்டும் வந்தன. ஆட்டம் நடக்கும்போது மட்டும் திறப்பார்கள். ஆகவே அவள் ஆட்டத்துக்காகக் காத்திருந்தாள். அவளை ஆடவிடாமல் இருக்க ஆசீர்வாதத்துக்கு விருப்பம்தான். ஆனால் தெற்கே வழிவிடுவதில் அவளுக்கு இருந்த நயம் வேறு யாருக்கும் இல்லை.

இறுதியாட்டத்தின் பின்பாதியில் மில் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. எதிரணி டைம் அவுட் கேட்டது. எல்லோரும் பெஞ்சுக்குப் போனார்கள். பவளக்கொடி போகவில்லை. அவள் தெற்கு ரிங்குக்குக் கீழே நடந்துபோய், குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து, இரண்டு ஷூவையும் ஜோடியாக ஓரமாக வைத்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று கூட்டத்துக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வேண்டாம் பவளம் என்று ஓரிரு பெண்கள் சொன்னார்கள். விடாதீங்கடா என்று அதைவிட அதிகமாக ஆண்கள் சொன்னார்கள். மைக்கில் கோவர்த்தனனின் குரல், ஆட்டக்காரர் பவளக்கொடி உடனடியாகப் பெஞ்சுக்கு வரவும், என்று பஸ் நிலைய அறிவிப்புப்போல மூன்று முறை சொன்னது. நடுவர் விசில் ஊதிக்கொண்டே வந்தார். அவர் வந்து சேருவதற்குள் முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம் கேட்டது, முதல் வரிசை வரைக்கும்.

அவள் விழுந்தாள். ஊர் பழக்கத்தால் காத்திருந்தது. எந்திரி என்று இந்த முறை யாரும் சொல்லவில்லை. அவள் எழவில்லை, வாயில் ஜெர்சியைக் கடித்துக்கொண்டு, கடித்ததும் போதாமல் கத்தினாள். பதினான்கு வருடத்தில் அந்தக் கோர்ட்டில் அவள் கத்தி அன்றுதான் ஊர் கேட்டது. அவளுடைய அணிப் பெண்கள் ஆசீர்வாதத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் எதிரணிப் பெண்கள்.

மதுரை அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. ஏழு கோடை காய்ந்த முட்டி என்று டாக்டருக்கு அவள் சொல்லவில்லை. எங்கே விழுந்தீங்க என்று கேட்டதற்கு ஊரில் என்று மட்டும் சொன்னாள். வாக்கர், ஊன்றுகோல், சுவரைப் பிடித்த நடை என்று பத்து மாதம் போயிற்று. முட்டி பாதிதான் மடங்கியது. ஆடுகிறவர் அல்லாததால் வேலை இல்லை என்று மில் சொல்லிவிட்டது. வெள்ளக்கரட்டில் அவளிடம் பேசுகிறவர்கள் குறைந்தார்கள். அதிகம் கோபப்பட்டவர்கள், தாண்டிப் பழகிய பெண்களின் தாய்மார்கள். கோப்பை வந்தவரைக்கும் தங்கள் பிள்ளைகளுக்கு மில்லில் ஒரு வழி இருந்தது, இவள் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள் என்றார்கள். ஒருத்தி தண்ணீர்க் குழாயடியில் முகத்துக்கு நேராகவே, எல்லார் பொழப்பையும் ஒன் முட்டிக்குள்ள வச்சுக்கிட்டுப் போயிட்டியேத்தா என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டாள். பவளக்கொடி தன் குடத்தோடு முறைக்கு நின்றாள். பிறகு தேனியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் சேர்ந்தாள். காலை ஒன்பதரையிலிருந்து கடை மூடும் வரை நிற்க வேண்டும். உட்கார அங்கே நாற்காலி கிடையாது.

2014 மே மாதம் இருபதாம் தேதி செவ்வாய்க்கிழமை மாலை வெள்ளக்கரடு மின்னொளிப் போட்டியின் முதல் சுற்றில் தூத்துக்குடி அணி அறுபத்துநான்கு புள்ளியும் மில் அணி முப்பத்தொன்பது புள்ளியும் எடுத்தன. யாருக்கும் அடிபடவில்லை.